பெட்டி ஏன் பேசவில்லை?

வானொலி நிலையத்தில் எங்களைப் பயமுறுத்துவது சத்தம் அல்ல, அமைதி. ஒலிபரப்பில் சில விநாடிகள் எதுவும் கேட்கவில்லை என்றால் எச்சரிக்கை விளக்கு எரியும், பொறியாளர் ஓடி வருவார். அந்த விளக்குக்குப் பயந்தே பல வருடங்களாகப் பிழைப்பை ஓட்டுகிறேன். அப்படிப்பட்ட நான், போன பள்ளி விடுமுறையில் ஒரு குட்டிப் பெட்டியின் அமைதியை நம்பி, அம்மாவையும் மகளையும் ஈப்போவிலிருந்து பாகான் டத்தோவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

அண்ணனின் கேம்பர்வேன் அது. பழைய வேனை வாங்கி, கட்டில், அடுப்பு, குளிர்பெட்டி, 80 லிட்டர் தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்துச் சீரமைத்திருந்தார். சாவியைக் கொடுக்கும்போது, "டயர மட்டும் கவனமா பாத்துக்கோ" என்றார். அதற்காகவே இணையத்தில் காற்றழுத்தத்தைக் கண்காணிக்கும் கருவி ஒன்றை வாங்கினேன். வால்வு மூடியைக் கழற்றிவிட்டு அங்கே திருகும் 4 உணரிகள், ஓட்டுநருக்கு முன்னால் வைக்க ஒரு சிறிய திரை. அவ்வளவுதான். பத்து நிமிடத்தில் மாட்டிவிட்டேன்.

மாட்டியதுமே அது கத்தத் தொடங்கியது. சாதாரண காருக்கென்று அமைத்து அனுப்பியிருந்தார்கள். காற்று 26 பி.எஸ்.ஐ.க்குக் கீழே இறங்கினாலும் 45க்கு மேலே ஏறினாலும் கத்தும். எங்கள் வேனின் பின்சக்கரங்களுக்கு வேண்டியதோ 65. கத்தல் தாங்காமல் மேல் எல்லையை மட்டும் உயர்த்தினேன். பெட்டி அடங்கியது. கீழ் எல்லை 26இலேயே கிடந்தது. அது என் கண்ணில் படவே இல்லை.

பீடோரில் கொய்யா வாங்க நிறுத்தியபோது திரையைப் பார்த்தேன். வலது பின்சக்கரம் 72, இடது 60. "60 இருந்தால் போதாதா?" என்று நினைத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். தெலுக் இந்தான் தாண்டி, ஊத்தான் மெலிந்தாங் தாண்டி, செம்பனைக்கும் தென்னைக்கும் நடுவே மேடும் பள்ளமுமாக ஓடும் சாலையில் வேன் குலுங்கியது. அம்மா பின் இருக்கையில், சரியாக அந்த இடது சக்கரத்துக்கு மேலே உட்கார்ந்திருந்தார். பெட்டி வாயே திறக்கவில்லை.

பெரியப்பா தோட்டத்தில் லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். வண்டி எது வந்தாலும் முதலில் டயர் பக்கத்தில் கையைக் கொண்டுபோவது அவர் வழக்கம். மூன்று சக்கரங்களைச் சுற்றி வந்தவர் நான்காவதில் நின்றார்.

"ஏம்மா, இது மட்டும் இப்படிக் கொதிக்குது?"

"பெட்டி ஒன்னும் சொல்லலையே பெரியப்பா."

திரையில் அப்போது 47. அதுவும் சூடாக இருக்கும்போது. ஆறியிருந்தால் இன்னும் குறைவாகக் காட்டியிருக்கும். 26க்குக் கீழே போகாததால் பெட்டிக்கு எல்லாம் நலம்.

அவர் சோப்புத் தண்ணீர் கொண்டுவந்து வால்வில் ஊற்றினார். அடிப்பக்கத்தில் குமிழ்கள் கிளம்பின. அது பழைய ரப்பர் வால்வு. அதன் நுனியில் நான் உணரியின் எடையை ஏற்றியிருந்தேன். சக்கரம் சுழலும்போது அந்த எடை வால்வை வளைத்து வளைத்து வெடிப்பை உண்டாக்கியிருக்கிறது. காற்று இறங்கக் காரணமே காற்றைக் காவல் காக்க நான் வாங்கிய கருவிதான்.

மாற்றுச் சக்கரத்தைப் போட்டுக்கொண்டு ஊத்தான் மெலிந்தாங்கில் ஒரு டயர் கடைக்குப் போனோம். கடைக்காரர் பழைய டயரைக் கழற்றி உள்ளே கைவிட்டு வழித்துக் காட்டினார். கறுப்பு ரப்பர் தூள். காற்றுக் குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிர்கிறது. அதனால் சூடேறி, உள்ளே உள்ள அடுக்குகள் பிரியும், கடைசியில் வெடிக்கும். இப்படி ஓடிய டயரில் காற்றடித்துவிட்டு மறுபடி ஓட்டக் கூடாது. கழற்றி உட்புறத்தைப் பார்த்தே ஆக வேண்டும். அம்மா அந்தத் தூளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டு, டயரின் பூ பிரிந்து கார்கள் கவிழ்ந்து பலர் இறந்த பிறகு, இந்தக் கருவிக்கு வழிசெய்யும் சட்டம் வந்தது. 2007 செப்டம்பர் முதல் அங்கே எல்லாப் புதிய கார்களிலும் இது கட்டாயம். பரிந்துரைத்த அழுத்தத்தில் 25 விழுக்காடு குறைந்தால் எச்சரிக்க வேண்டும் என்பது விதி. அது காரோடு சேர்ந்தே வருவது, அந்தக் காருக்கென்றே அளவிட்டது. நாம் தனியாக வாங்கி மாட்டுவதற்கு நாம்தான் அளவு சொல்லிக்கொடுக்க வேண்டும்.

அதற்கு முதலில் வண்டியின் எடை தெரிய வேண்டும். பெரியப்பா எங்களைச் செம்பனைக் குலை வாங்கும் இடத்துக்கு அழைத்துப் போனார். லோரி நிறுக்கும் தராசில் முன்சக்கரங்களைத் தனியாகவும் பின்சக்கரங்களைத் தனியாகவும் ஏற்றி நிறுத்தோம். தொட்டியில் தண்ணீர் நிரப்பி, எல்லாரும் ஏறி உட்கார்ந்த நிலையில். அந்த எடையை வைத்துத்தான் டயர் கடைக்காரர் 65 சரி என்று உறுதி செய்தார்.

இப்போது எங்கள் கீழ் எல்லை 57, மேல் எல்லை 80. வண்டி குறைந்தது மூன்று மணி நேரம் நின்று ஆறிய பிறகு, காலையில், கையளவியால் சரிபார்த்தே எல்லை வைக்கிறேன். சில கருவிகள் அப்போது இருக்கும் காற்றையே சரியான அளவாக எடுத்துக்கொள்ளும். குறைந்த காற்றில் பொத்தானை அழுத்தினால் அந்தக் குறையையே காவல் காக்கும். ஓடிச் சூடான டயரில் அழுத்தம் ஏறுவது இயல்பு, அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடாதீர்கள். ஒரே அச்சின் இரு சக்கரங்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பீடோரில் 72க்குப் பக்கத்தில் 60 என்பதே எனக்குப் போதுமான எச்சரிக்கை. திரை காட்டும் வெப்பத்தையும் முழுதாக நம்ப வேண்டாம். உணரி வெளியே காற்றுப்படும் இடத்தில் இருக்கிறது, டயரின் உள்சூடு அதற்குத் தெரியாது.

டயரின் வயதும் அதற்குத் தெரியாது. பக்கச்சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். ஓடுவதைவிட நிற்பதே அதிகமான கேம்பர்வேனில், பூ தேயாமலே டயர் கிழடாகிவிடும்.

ஓடும்போது கத்தினால் பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள். ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்து, எண்ணெய்க் காலை மெதுவாக எடுத்து, இடது ஓரம் ஒதுங்குங்கள்.

திரும்பும் நாள் காலையில் திரை நான்கு சக்கரத்துக்கும் சரியான எண்ணைக் காட்டியது. புது உலோக வால்வுகள். இருந்தும் பெரியப்பா குனிந்து ஒவ்வொரு சக்கரமாகப் பார்த்துவிட்டுத்தான் கேட்டைத் திறந்தார்.

அடுத்த விடுமுறைக்குக் கேம்பர்வேன் வாடகைக்கு எடுப்பவர்கள் இரண்டு கேள்விகளைக் கேட்டுவிட்டுச் சாவியை வாங்குங்கள்: கீழ் எல்லை எத்தனை? வால்வு ரப்பரா, உலோகமா?