உட்கார ஒரு நாற்காலி

தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் சென்னை ரங்கநாதன் தெருவிலோ, மதுரை விளக்குத்தூண் பகுதியிலோ துணி எடுக்கச் சென்றவர்களுக்கு இந்தக் காட்சி புதியதன்று. நான்காவது சேலையைப் பார்ப்பதற்குள் நமக்குக் கால் கடுத்துவிடுகிறது. "அக்காவுக்கு ஒரு சேர் போடும்மா" என்று மேற்பார்வையாளர் குரல் கொடுக்கிறார். நாம் உட்கார்ந்துகொள்கிறோம். நாற்காலியைக் கொண்டுவந்து போட்ட பெண்ணோ, காலையில் கடை திறந்தது முதல் நின்றுகொண்டிருப்பவர், மீண்டும் நின்றபடியே ஐந்தாவது சேலையை விரிக்கிறார். இரவு கடை அடைக்கும்வரை அவர் நிற்பார். 'நீயும் கொஞ்சம் உட்காரம்மா' என்று சொல்ல நம்மில் எத்தனை பேருக்குத் தோன்றியிருக்கிறது?

பணியாளர்களின் மன ஊக்கத்தைப் பற்றி இன்று நிறுவனங்கள் நிறையவே பேசுகின்றன. ஊக்கமூட்டும் பேச்சாளர்களை அழைக்கின்றன. மாதத்தின் சிறந்த பணியாளர் என்று ஒருவரின் படத்தைச் சுவரில் மாட்டுகின்றன. பண்டிகைக்கு இனிப்புப் பெட்டியும், ஆண்டுக்கு ஒருமுறை சுற்றுலாவும் உண்டு. இவை எதுவும் தவறில்லை. ஆனால், பன்னிரண்டு மணி நேரம் நின்று வீங்கிய கால்களுக்கு இனிப்புப் பெட்டி ஆறுதல் தராது. ஊக்கம் என்பது மேலிருந்து ஊட்டப்படுவது என்று எண்ணுகிறோம். உண்மையில், அதைக் குலைப்பவற்றை அகற்றினாலே பெரும்பகுதி ஊக்கம் தானாக வந்துவிடும்.

இதை உணர்த்தும் நல்ல எடுத்துக்காட்டு, நம் மாநிலத்தில் 2021ஆம் ஆண்டில் நடந்த ஒரு சட்டத்திருத்தம். அவ்வாண்டு செப்டம்பரில், 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்துவதற்கான மசோதா சட்டமன்றத்தில் கொண்டுவரப்பட்டு நிறைவேறியது. ஒவ்வொரு கடையும் நிறுவனமும் தன் பணியாளர்கள் அனைவருக்கும் இருக்கை வசதி செய்து தர வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்கார முடிய வேண்டும் என்பதே அதன் சாரம். நின்றுகொண்டே வேலை செய்வோர்க்கு இருக்கை தேவை என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் ஏற்கெனவே கூறியிருந்தது. இங்கிலாந்தில் கடைப்பெண்களுக்கு இருக்கை தருவதற்கென்றே 1899ஆம் ஆண்டில் ஒரு சட்டம் வந்தது. நம் கடைகளுக்கு அது வந்து சேர இத்தனை காலம் ஆகியிருக்கிறது.

அது தானாகவும் வந்துவிடவில்லை. கேரளாவின் கோழிக்கோட்டில் தையல் தொழிலாளியான பி. விஜி, மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலை செய்த பெண்களைத் திரட்டினார். அவர்கள் முதலில் கேட்டது நாற்காலி அல்ல, கழிப்பறை. கடையில் கழிப்பறை இல்லாததால் நாள் முழுவதும் தண்ணீர் குடிக்காமலே இருந்து பழகிய பெண்கள் அவர்கள். பிறகே உட்காரும் உரிமைக்கான போராட்டம் வளர்ந்தது. 2018ஆம் ஆண்டில் கேரள அரசு அதைச் சட்டமாக்கியது. அதைப் பின்பற்றியே தமிழகமும் நடந்தது. அதற்கும் முன்பே, 2010ஆம் ஆண்டில் வெளிவந்த வசந்தபாலனின் 'அங்காடித் தெரு' திரைப்படம், துணிக்கடைப் பணியாளர்கள் நிற்கும் நிலையை நமக்குக் காட்டியிருந்தது. பார்த்தோம், கண்கலங்கினோம். அடுத்த பண்டிகைக்கு அதே தெருவுக்குத் துணி எடுக்கச் சென்றோம்.

நாள்கணக்கில் நின்றுகொண்டே இருப்பதால் காலில் இரத்த நாளங்கள் புடைத்துச் சுருண்டுவிடுகின்றன. முதுகுவலியும் கால்வீக்கமும் நிரந்தரமாகின்றன. தண்ணீர் குடிக்காமலும் சிறுநீரை அடக்கியும் பழகுவோர்க்குச் சிறுநீர்ப்பாதைத் தொற்று வருகிறது. இருபது வயதில் வேலைக்குச் சேர்ந்தவர் முப்பது வயதில் ஐம்பது வயதுக்காரரைப் போல் நடக்கிறார். வாடிக்கையாளரிடம் சிரித்த முகத்துடன் பேச வேண்டும் என்று இவர்களுக்குத்தான் பயிற்சி தருகிறோம்.

சரி, சட்டம் வந்துவிட்டது. நாற்காலியும் வந்துவிட்டதா? சில கடைகளில் வந்திருக்கிறது. அங்கும் கொஞ்சம் கவனித்துப் பார்க்க வேண்டும். துணி அடுக்குகளுக்கு அருகில் முக்காலி இருக்கும், அதன்மேல் துணிக்கட்டு இருக்கும், பணியாளர் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பார். உட்காரக் கூடாது என்று யாரும் சொல்வதில்லை. உட்கார்ந்தால் மேற்பார்வையாளர் ஒரு பார்வை பார்ப்பார், அவ்வளவுதான். அந்தப் பார்வை போதும். நாற்காலியைச் சட்டம் வாங்கிக் கொடுக்கலாம். அதில் அச்சமின்றி உட்காரும் மனத்தை முதலாளி ஒருவரால்தான் கொடுக்க முடியும். நாம் இங்கே சொல்ல விரும்புவதும் இதுவே: பணியாளரின் ஊக்கம் பரிசில் தொடங்குவதில்லை, நம்பிக்கையில் தொடங்குகிறது. 'இவர் உட்கார்ந்தால் சோம்பேறியாகிவிடுவார்' என்று நினைப்பவர், எத்தனை இனிப்புப் பெட்டிகள் கொடுத்தாலும் அவரிடம் பணிபுரிவோரின் மனம் எழாது.

நம்பிக்கையற்ற பணியிடத்தில் என்ன நடக்கும் என்பதற்கும் அதே 2021ஆம் ஆண்டு ஒரு பாடம் தந்தது. டிசம்பர் மாதத்தில் ஸ்ரீபெரும்புதூர் அருகே கைபேசி தயாரிக்கும் ஆலையொன்றின் பெண் தொழிலாளர்கள், தங்கியிருந்த விடுதியின் உணவால் நோயுற்றனர். நூற்றுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். உடனிருந்த தோழியரின் நிலை என்ன என்பது மற்றவர்களுக்குத் தெளிவாகச் சொல்லப்படவில்லை. சிலர் இறந்துவிட்டதாக வதந்தி பரவியது. இரவோடு இரவாக அவர்கள் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்துவிட்டார்கள். பல நாள்கள் மூடிக்கிடந்த ஆலை, மறு ஆண்டு ஜனவரியில்தான் திறக்கப்பட்டது. கெட்டுப்போன உணவு மட்டும் அவர்களைச் சாலைக்குக் கொண்டுவரவில்லை. சொன்னால் கேட்பார்கள், கேட்டால் உண்மை சொல்வார்கள் என்ற நம்பிக்கை இல்லாமற்போனதும் சேர்ந்தே கொண்டுவந்தது.

அப்படியானால் முதலாளிகள் என்ன செய்யலாம்? பெரும் செலவு தேவைப்படாத சிலவற்றை முன்வைக்கிறோம். கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில் உட்காரலாம் என்பதை முதலாளியே எல்லார் முன்னிலையிலும், குறிப்பாக மேற்பார்வையாளர் முன்னிலையில், வாய்திறந்து சொல்லலாம். தூய்மையான கழிப்பறையும் குடிநீரும் இருக்கின்றனவா என்று தாமே சென்று பார்க்கலாம். சாப்பாட்டு நேரத்தில் பாதியில் எழுப்பாமல் இருக்கலாம். வார விடுமுறை எந்த நாள் என்பதை முன்கூட்டியே தெரிவித்து, கடைசி நேரத்தில் அதைப் பறிக்காமல் இருக்கலாம். தவறு செய்தவரை வாடிக்கையாளர் முன்னால் வையாமல், தனியே அழைத்துப் பேசலாம். நன்றாகச் செய்தவரைப் பலர் முன்னால் பாராட்டலாம். பத்துப் பேரோ அதற்கு மேற்பட்டோரோ வேலை செய்யும் இடமாக இருந்தால், பெண்களின் புகார்களைக் கேட்பதற்கு 2013ஆம் ஆண்டின் சட்டம் கூறும் குழு பெயரளவில் மட்டும் இல்லாமல் பார்த்துக்கொள்ளலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, மாதம் ஒருமுறை, 'உங்களுக்கு எது கஷ்டமாக இருக்கிறது?' என்று கேட்டு, பதில் சொன்னவரைப் பழிவாங்காமல் இருக்கலாம்.

இதனால் வியாபாரம் குறைந்துவிடும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். ஆனால், ஆண்டுதோறும் ஆள் மாறிக்கொண்டே இருக்கும் கடையின் செலவை அவர்கள் கணக்கிடுவதில்லை. பழகிய பணியாளர் ஒருவர் போய்விட்டால், அவரை நம்பி வந்த வாடிக்கையாளரும் போய்விடுவார். சரக்கு எங்கே இருக்கிறது, எந்த வீட்டாருக்கு எந்த நிறம் பிடிக்கும் என்பதெல்லாம் அவரோடு சேர்ந்து போய்விடும்.

முதலாளிகளை மட்டும் குறை சொல்லிவிட்டு நாம் ஒதுங்கிவிட முடியாது. கடைக்குள் நுழையும்போது விற்பனையாளர் உட்கார்ந்திருந்தால், 'மரியாதை தெரியாதவர்' என்று முகம் சுளிப்பவர்கள் யார்? நாம்தானே! நம் முகச்சுளிப்புக்கு அஞ்சியே அவரை நிற்க வைக்கிறார்கள். நம் குடியிருப்பின் வாயிலில் இரவெல்லாம் காவல் காப்பவருக்கு உட்கார நல்ல நாற்காலி உண்டா? பள்ளியிலும் மருத்துவமனையிலும் துப்புரவுப் பணி செய்யும் அம்மா தன் சோற்றுப் பாத்திரத்தைத் திறக்க ஓர் இடம் உண்டா? நம் வீட்டில் வேலை செய்யும் பெண் எங்கே உட்கார்ந்து தேநீர் குடிக்கிறார்? மாதம் இரண்டாயிரமோ மூவாயிரமோ கொடுக்கும் நாமும் அவருக்கு முதலாளிகள்தாம். துணிக்கடை முதலாளியிடம் நாம் எதிர்பார்ப்பதை அவர் நம்மிடம் எதிர்பார்க்கக் கூடாதா?

அடுத்தமுறை துணி எடுக்கச் செல்லும்போது, நமக்கு நாற்காலி போடப்பட்டால், உட்காருவதற்கு முன் ஒரு கணம் திரும்பிப் பார்ப்போம். அங்கே நிற்பவருக்கும் ஒன்று உண்டா என்று கேட்போம். மேற்பார்வையாளர் காதில் விழும்படியாகவே கேட்போம்.