அஜக்ஸிலிருந்து ஓர் அணி: தன்னார்வக் கணிமைப் போட்டியில் இறங்கும் முன்

அஜக்ஸ், பிக்கரிங், விற்பி வட்டாரத்துத் தமிழ் வீடுகளில் கணினிக்குப் பஞ்சமில்லை. பிள்ளைகளின் விளையாட்டுக்கென்று வாங்கிய, நல்ல கிராபிக்ஸ் அட்டை பொருத்திய கணினி ஓர் அறையில். பெருந்தொற்றுக் காலத்தில் வீட்டிலிருந்து வேலை செய்ய வாங்கிய மடிக்கணினி இன்னோர் அறையில். நாளின் பெரும்பகுதி இவை சும்மா கிடக்கின்றன. அந்த நேரத்தை அறிவியல் ஆய்வுக்குக் கொடுக்கலாம், ஊர்ப் பெயரில் அணி சேர்ந்து உலக அணிகளோடு போட்டியும் போடலாம் என்று சொன்னால் இளையவர்கள் உடனே நிமிர்ந்து உட்காருகிறார்கள். பெற்றோர் கேள்வி கேட்கிறார்கள். இது பிட்கொயின் வேலையா? நம் கோப்புகளை யாராவது பார்ப்பார்களா? மின்கட்டணம் எவ்வளவு ஏறும்? முதலிடம் வந்தால் யாருக்கு என்ன லாபம்? எல்லாம் நியாயமான கேள்விகள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

இந்த வேலையின் ஒரு முக்கியமான மையம் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஐபிஎம் நிறுவனம் 2004 நவம்பர் 16 அன்று தொடங்கிய ‘வேர்ல்ட் கம்யூனிற்றி கிரிட்’ 2021இல் கைமாறுவதாக அறிவிக்கப்பட்டு, இப்போது ரொறன்ரோவிலிருந்து இயங்குகிறது. நடத்துவது யுனிவர்சிற்றி ஹெல்த் நெற்வேர்க்கைச் சேர்ந்த கிரெம்பில் ஆய்வு நிறுவனம். ரொறன்ரோ வெஸ்ரேர்ன் மருத்துவமனையோடு சேர்ந்த இடம் அது. அஜக்ஸிலிருந்து கோ ரயிலில் யூனியன் நிலையத்துக்குப் போய், அங்கிருந்து நகரப் போக்குவரத்தைப் பிடித்தால் போய்விடலாம். பொறுப்பாளர் பேராசிரியர் இகோர் யூரிசிக்கா. ஐபிஎம் காலத்திலேயே 2007 முதல் இந்த வலையமைப்பைத் தன் புற்றுநோய் ஆய்வுக்குப் பயன்படுத்தியவர். 2013இல் அவர் தொடங்கிய ‘மப்பிங் கான்சர் மார்க்கர்ஸ்’ திட்டம், நோயாளிகளின் திசுத் தரவுகளிலிருந்து எந்த மரபணுக்களின் சேர்க்கை புற்றுநோயைக் காட்டிக்கொடுக்கிறது என்று தேடுகிறது. நுரையீரல், சூலகம், மென்திசுப் புற்று என்று அந்தத் தேடல் நீள்கிறது.

சாத்தியமான சேர்க்கைகள் கணக்கிலடங்காதவை. ஒரு பெரிய கணினியில் போட்டால் தலைமுறைகள் போய்விடும். ஆனால் இந்த வேலைக்கு ஒரு நல்ல குணம் உண்டு: துண்டு துண்டாக வெட்டலாம். க.பொ.த. உயர்தர விடைத்தாள்களைக் கட்டுக்கட்டாகப் பிரித்து ஆசிரியர்களிடம் கொடுப்பதை நினைத்துப் பாருங்கள். ஒரு கட்டைத் திருத்துபவர் அடுத்த கட்டின் முடிவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. அப்படிப் பிரிக்க முடிகிற கணக்குகளுக்கே இந்த முறை பொருந்தும். நாளைய வானிலை போல ஒவ்வொரு பகுதியும் மற்றப் பகுதியை நொடிக்கு நொடி கேட்டுக்கொண்டிருக்க வேண்டிய கணக்குகளுக்கு மீகணினிதான் வேண்டும்.

உங்கள் கணினியில் நடப்பது இதுதான். ‘பொயிங்க்’ என்ற இலவச மென்பொருளை நிறுவுகிறீர்கள். கலிபோர்னியாவின் பேர்க்லி பல்கலைக்கழகத்தில் டேவிட் அண்டர்சன் உருவாக்கியது; மூல நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. 1999 முதல் வேற்றுலகச் சமிக்ஞை தேடிய ‘செற்றி அற் ஹோம்’ திட்டத்தின் அனுபவத்தில் பிறந்தது. அது ஒரு வேலைத் துண்டை இறக்கிக்கொள்ளும். திரையில் ஒரு வரி தோன்றும்: திட்டத்தின் பெயர், எத்தனை விழுக்காடு முடிந்தது, இன்னும் எவ்வளவு நேரம், எந்தத் தேதிக்குள் திருப்ப வேண்டும் என்ற கெடு. சில மணி நேரத்தில் அது நூறைத் தொடும், முடிவு வழங்கிக்குப் போகும், அடுத்த துண்டு வரும். உங்கள் படங்களுக்கும் வங்கிக் கணக்குக்கும் இந்த வேலையில் இடமே இல்லை. வேர்ல்ட் கம்யூனிற்றி கிரிட்டில் நாணயம் உருவாவதில்லை, பணமும் கிடைப்பதில்லை. நீங்கள் விசைப்பலகையைத் தொட்டதும் ஒதுங்கிக்கொள்ளும்படியும், இரவில் மட்டும் ஓடும்படியும், செயலியின் பாதித் திறனை மட்டும் எடுக்கும்படியும் அமைக்கலாம்.

முன்பின் தெரியாத கணினிகள் தரும் முடிவை ஆய்வாளர் எப்படி நம்புவது? பல திட்டங்கள் ஒரே துண்டை இருவருக்கு அனுப்பி இரண்டு விடைகளையும் ஒப்பிடும். பொருந்தினால்தான் ஏற்கும். உங்கள் துண்டின் மறுபிரதியை வைத்திருப்பவரைத் தன்னார்வலர்கள் ‘விங்மேன்’ என்பார்கள். 2010 ஓகஸ்ட்டில் ‘ஐன்ஸ்டைன் அற் ஹோம்’ திட்டம் ஒரு புதிய துடிப்பு விண்மீனை அறிவித்தது. கண்டுபிடித்தவர்களாகப் பெயர் பெற்றவர்கள் அமெரிக்காவின் அயோவா மாநிலத்துத் தம்பதியரும் ஜேர்மனியின் மைன்ஸ் நகரத்தவர் ஒருவரும். அரெசிபோ தொலைநோக்கியின் ஒரே தரவுத் துண்டு இரு வீடுகளுக்கும் போயிருந்தது. இரு வீட்டுக் கணினிகளும் ஒரே விடையைச் சொன்னதால் அது கண்டுபிடிப்பானது.

இனிப் புள்ளிக்கு வருவோம். அணிப் போட்டியில் எண்ணப்படுவது இதுதான் என்பதால் இதைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். வினாடிக்கு 100 கோடி கணக்குப் போடும் ஒரு கணினி ஒரு நாள் முழுக்க உழைத்தால் 200 புள்ளி என்பது பொயிங்க்கின் அடிப்படை அளவு. வேர்ல்ட் கம்யூனிற்றி கிரிட் தன் சொந்தக் கணக்கில் அதை ஏழால் பெருக்கிக் காட்டும். ஆகவே ஒரு திட்டத்தின் புள்ளியை இன்னொன்றின் புள்ளியோடு அப்படியே ஒப்பிடக் கூடாது. சரிபார்ப்பில் தேறிய வேலைக்கே புள்ளி உண்டு. அது எவ்வளவு உழைத்தீர்கள் என்பதை அளக்கும். உங்கள் துண்டில் முக்கியமான மரபணு இருந்ததா என்பதை அது அளக்காது. ‘இந்தத் துண்டில் ஒன்றுமில்லை’ என்ற விடைக்கும் அதே மதிப்புதான். அறிவியலுக்கும் அப்படித்தான்: தேடி முடித்த இடத்தை இன்னொருவர் மறுபடி தேட வேண்டியதில்லை.

யாரும் அணி தொடங்கலாம். ஒரு திட்டத்தில் ஒரு நேரத்தில் ஓர் அணியில்தான் இருக்க முடியும். நீங்கள் சேர்ந்த பிறகு ஈட்டும் புள்ளியே அணிக்கு வரும். முன்பு ஈட்டியது வராது. நாடு, நகரம், பல்கலைக்கழகம், பொழுதுபோக்கு என்று எதன் பெயரிலும் அணிகள் உண்டு. இவை மோதும் பெரிய விழா, ‘செற்றி ஜேர்மனி’ அணி 2010 முதல் ஆண்டுதோறும் மே மாதத்தில் நடத்தும் பொயிங்க் பென்ரத்லோன். இரண்டு வாரம் நடக்கும். மரதன் 14 நாள், நகர ஓட்டம் 5 நாள், விரைவோட்டம் 3 நாள் என்று ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு திட்டம். எந்தத் திட்டம் என்பது சில நாள் முன்னால்தான் தெரியும். ‘போர்முலா பொயிங்க்’ போட்டியில் மூன்று நாள் ஓட்டங்கள் உண்டு. அங்கே அணிகளைப் பலம் பார்த்து லீக்குகளாகப் பிரிப்பதால், பத்துப் பேர் கொண்ட புதிய அணி ஆயிரம் பேர் கொண்ட அணியோடு முட்டி மோத வேண்டியதில்லை.

இத்தகைய போட்டிகளில் ‘பங்கரிங்’ என்ற ஒரு தந்திரம் உண்டு. போட்டிக்கு முன்பே துண்டுகளை இறக்கி முடித்து, முடிவுகளை அனுப்பாமல் பதுக்கி வைத்து, மணி அடித்த பிறகு மொத்தமாக அனுப்புவது. பென்ரத்லோனில் இது எல்லோரும் அறிந்த உத்தி. பகா எண் தேடும் பிரைம்கிரிட் தன் போட்டிகளில் இதற்கு இடம் கொடுப்பதில்லை. போட்டி தொடங்கிய பின் இறக்கி, முடியும் முன் திருப்பிய துண்டுக்கு மட்டுமே கணக்கு. இரண்டும் விதிகளுக்கு உட்பட்டவைதான். ஆனாலும் நம் அணி பிரைம்கிரிட்டின் வழக்கத்தையே எல்லா இடத்திலும் பின்பற்றினால் நல்லது என்பது எங்கள் கருத்து. பதுக்கிய முடிவு ஆய்வாளரிடம் தாமதமாகப் போகிறது. விங்மேனும் காத்துக் கிடக்கிறார். ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் கொட்டும்போது சிறிய ஆய்வுக்குழுவின் வழங்கி திணறுகிறது. இந்தத் திட்டங்களைப் பராமரிப்பவர்கள் பெரும்பாலும் ஒரு கை விரலுக்குள் அடங்குவார்கள். வேர்ல்ட் கம்யூனிற்றி கிரிட் ரொறன்ரோவுக்கு இடம் மாறியபோது 2022இல் மாதக்கணக்கில் பணி நின்றிருந்தது என்பதை மறக்கக் கூடாது.

அப்படியானால் போட்டி எதற்கு? ஆள் சேர்க்க அதைவிட நல்ல வழி இல்லை என்பதால். தனியாக ஓடும் கணினியை மூன்றாம் மாதம் நிறுத்திவிடத் தோன்றும். அணியில் இருந்தால் யாராவது கேட்பார்கள். வேகம் குறைந்த பழைய கணினிக்கு எந்தத் திட்டம் ஏற்றது, பிழை வந்த துண்டை என்ன செய்வது என்று சொல்லித்தரவும் ஆள் இருக்கும். 2020 மார்ச்சில் கொரோனா நுண்மியின் புரதங்களை ஆராய அழைத்த ‘போல்டிங் அற் ஹோம்’ திட்டத்தில் உலகமே திரண்டது. வினாடிக்கு ஒரு எக்சா கணக்கு, அதாவது ஒன்றுக்குப் பின் 18 சுழியம், என்ற எல்லையை அது அந்த மாதமே கடந்தது. அப்போது வந்தவர்களில் பலர் அணிகள் வழியாகவே வந்தார்கள். ஆனால் ஆய்வு வருடக்கணக்கில் நடப்பது. மூன்று நாள் முதலிடம் பிடித்துவிட்டு அணைத்துவிடும் அணியைவிட, நாற்பதாம் இடத்தில் நின்று ஆண்டு முழுதும் கெடுவுக்குள் துண்டு திருப்பும் அணி ஆய்வாளருக்கு அதிகம் உதவுகிறது.

செலவைச் சொல்லாமல் அழைப்பது முறையல்ல. 100 வாட் கூடுதலாக இழுக்கும் கணினி இரவு பகல் ஓடினால் நாளுக்கு 2.4 யூனிட், மாதம் 72 யூனிட். யூனிட் 10 சென்ற் என்று வைத்துக்கொண்டால் 7 டொலர் 20 சென்ற். கிராபிக்ஸ் அட்டை முழுவீச்சில் ஓடும் விளையாட்டுக் கணினி 400 வாட் இழுத்தால், இரண்டு வாரப் பென்ரத்லோனுக்கு மட்டும் 134 யூனிட், சுமார் 13 டொலர். ஒன்ராறியோவில் 2023 முதல் உள்ள நள்ளிரவுச் சலுகைத் திட்டத்தில் இரவு 11 முதல் காலை 7 வரை மின்சாரம் மிக மலிவு. அதற்கு மாறியவர்கள் அந்த எட்டு மணி நேரம் மட்டும் ஓட்டலாம். ஆனால் அந்தத் திட்டத்தில் மாலை நேரக் கட்டணம் கூடுதல் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் கணினியின் வெப்பம் அறைக்குள்ளேயே தங்குவதால் ஓரளவு வீண் போகாது. கோடையில் அதே வெப்பத்தை ஏசி வெளியேற்ற வேண்டும்; செலவு இன்னும் கூடும். எனவே ஒக்டோபர் முதல் ஏப்ரல் வரை நன்றாக ஓட்டி, வெயில் காலத்தில் குறைப்பது புத்திசாலித்தனம்.

இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது, சொந்தக் கணினியில் மட்டும் நிறுவுங்கள். அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில் ஒரு கல்லூரிக் கணினி ஊழியர் அனுமதியில்லாமல் கல்லூரிக் கணினிகளில் இப்படியொரு மென்பொருளை நிறுவியதற்காக வழக்கைச் சந்தித்தார். 2002இல் அபராதத்தோடும் நன்னடத்தைக் காலத்தோடும் அது முடிந்தது. நோக்கம் நல்லது என்பது அனுமதிக்கு ஈடாகாது. இரண்டாவது மாணவர்களுக்கு. உயர்பள்ளிப் பட்டத்துக்கு ஒன்ராறியோ கேட்கும் 40 மணி நேரச் சமூகப் பணியில், கணினி ஓடிய நேரத்தை உங்கள் நேரமாக எழுதாதீர்கள். முதியவர் ஒருவருக்கு நிறுவிக் கொடுத்தது, நூலகத்தில் விளக்கம் சொன்னது போன்ற உங்கள் சொந்த உழைப்பை, முதலில் பள்ளியிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள்.

பலன் உண்டா என்றால், உண்டு, பொறுமையும் வேண்டும். ஜப்பானின் ஷிபா புற்றுநோய் மைய ஆய்வாளர்கள் வேர்ல்ட் கம்யூனிற்றி கிரிட் வழியாக 30 இலட்சம் மூலக்கூறுகளைச் சலித்து, குழந்தைகளைத் தாக்கும் நியூரோபிளாஸ்ரோமா புற்றுக்கு எதிராக நம்பிக்கை தரும் ஏழு சேர்மங்களை 2014இல் அறிவித்தார்கள். அந்த ஏழும் மருந்தல்ல. மருந்தைத் தேடுவதற்கான தொடக்கம். செற்றி அற் ஹோம் 2020 மார்ச் 31 அன்று வேலைத் துண்டு அனுப்புவதை நிறுத்திய நாள்வரை வேற்றுலகச் செய்தி எதையும் உறுதி செய்யவில்லை. ஆனால் அது விட்டுச்சென்ற பொயிங்க்கில்தான் இன்றைய புற்றுநோய்த் தேடல் ஓடுகிறது.

இப்படிக் கைகொடுப்பது இந்த ஊருக்குப் புதிதும் அல்ல. போர்க்காலத்தில் பீரங்கிக் குண்டு நிரப்பிய தொழிற்சாலையைச் சுற்றி வளர்ந்தது அஜக்ஸ். போர் முடிந்ததும் 1946 முதல் 1949 வரை ரொறன்ரோ பல்கலைக்கழகம் அந்தக் கட்டடங்களில்தான் தன் பொறியியல் மாணவர்களைப் படிப்பித்தது. ரொறன்ரோவில் இடம் போதாதபோது அஜக்ஸ் இடம் கொடுத்தது. இப்போது அதே நகரத்து ஆய்வு ஒன்று கணினி நேரம் கேட்கிறது.

டர்ஹம் வட்டாரத்துத் தமிழ்ச் சங்கங்களும், சனிக்கிழமைத் தமிழ் வகுப்புகள் நடத்துவோரும், பழைய மாணவர் சங்கங்களும் இதை எடுத்துச் செய்ய வேண்டும். முதல் மாதம் ஒரே ஒரு கணினியில், பாதித் திறனில், இரவில் மட்டும் ஓட்டுங்கள். மின்கட்டணப் பட்டியல் வந்ததும் பழைய மாதத்தோடு ஒப்பிடுங்கள். ஏற்றதாக இருந்தால் அஜக்ஸ் பெயரில் அணி சேருங்கள். தரவரிசை எண்ணோடு நின்றுவிடாமல், கெடுவுக்குள் திருப்பிய துண்டுகளின் எண்ணிக்கையையும் மாதந்தோறும் அறிவியுங்கள். நவம்பர் 16 வேர்ல்ட் கம்யூனிற்றி கிரிட்டின் பிறந்தநாள். அடுத்த நவம்பருக்குள் அஜக்ஸ் தமிழ் வீடுகளின் அணி ஒன்று அதன் அணிப் பட்டியலில் இருக்க வேண்டும். அதற்கடுத்த நவம்பரிலும் அது அங்கேயே இருக்க வேண்டும்.