அள்ளினால் தீருமா காக்கா ஆழி?

எண்ணூர்க் கழிமுகத்திலும் பழவேற்காட்டுப் பக்கமும் பரவிவிட்ட காக்கா ஆழி என்னும் அயல் மட்டியை அப்புறப்படுத்தும் விவகாரம் பசுமைத் தீர்ப்பாயம் வரை போய்விட்டது. எந்தத் துறை செய்வது, என்ன செலவாகும், எந்த இயந்திரத்தை இறக்குவது என்றே பேச்சு ஓடுகிறது. அள்ளிய இடத்தில் அடுத்து எது வந்து ஒட்டும் என்று கேட்கத்தான் ஆளில்லை.

அங்கே ஒட்ட வேண்டிய நம் கரையோரத்து உண்ணும் சிப்பி, முட்டையையும் விந்தையும் தண்ணீரிலேயே விடுகிறது. குஞ்சு இரண்டு மூன்று வாரம் மிதந்து திரியும். பிறகு கெட்டியான, சுத்தமான பரப்பாகப் பார்த்து ஒட்டும். ஒட்டியபின் நகராது. அதற்கு மிகவும் தோதான இடம் இன்னொரு சிப்பியின் ஓடு. மிதக்கும் நாட்களில் வெள்ளம் புகுந்து உப்பு சடாரென்று சரிந்தால் அந்தப் பருவத்துக் குஞ்சு போனதுதான். தாய்ச்சிப்பி ஓட்டை இறுக மூடி நாட்களைக் கடத்தும். குஞ்சுக்கு அந்தத் தெம்பு ஏது?

காக்கா ஆழிக்கு இந்தக் கவலையே இல்லை. அமெரிக்க வெப்பமண்டலக் கரைகளைச் சேர்ந்த இந்த மட்டி, ஆயிரத்துக்கு 2 பங்கு உப்பிலும் பிழைக்கும், 40 பங்கிலும் பிழைக்கும். கடல்நீரே சுமார் 35தான். 2 முதல் 40 வரை! அதிகாரிகளின் மேசைக் கண்ணாடிக்கு அடியில் செருகி வைக்க வேண்டிய எண் இது. ஐப்பசி மழையில் தண்ணீர் சப்பென்று ஆகட்டும், கத்திரி வெயிலில் கடலைவிடக் கரிக்கட்டும், அதற்கு எல்லாம் ஒன்றே. ஒட்டக் கல்லும் வேண்டாம்; சேற்றின் மேலேயே நார்விட்டுப் பாய் விரித்தாற்போலப் படர்ந்துவிடும். அள்ளி வெறுமையாக்கிய படுகையில் முதலில் குடியேறப் போவது யார் என்று சொல்ல விஞ்ஞானி தேவையில்லை.

கப்பல் கொண்டுவந்த தொல்லை, நாங்கள் என்ன செய்வது என்கிறார்கள் சிலர். இதுவும் ஒரு வாதமா? கொசஸ்தலை ஆற்றில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்ததும் கப்பலாலா? 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து கழிமுகத்தை மூடியதே, அது? சாம்பல் மூடிய ஓட்டில் சிப்பிக் குஞ்சு ஒட்டாது. முகத்துவாரத்தில் கல்சுவர் எழுப்பினால் எல்லாம் சரியாகும் என்னும் பொறியாளர்களிடம் வாதாட ஒன்றுமில்லை: தண்ணீர் வரும், ஒட்ட இடம் வராது.

வழி தெரியாமலும் இல்லை. தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் எப்போதோ சுண்ணாம்பு பூசிய கூரை ஓடுகளை நீரில் வைத்துச் சிப்பிக் குஞ்சு பிடித்துக் காட்டிவிட்டது. நாமோ பழவேற்காட்டில் புதைந்து கிடந்த கிளிஞ்சலைத் தோண்டிச் சுண்ணாம்புக்கு அனுப்பினோம். குஞ்சு ஒட்ட வேண்டிய தரையைக் காளவாயில் வேகவைத்த சமர்த்து நம்முடையது.

முதலில் சாம்பலை அகற்றுங்கள். அகற்றிய இடத்தில் கிளிஞ்சலைக் கொட்டுங்கள், அதுவும் குஞ்சு மிதக்கும் பருவம் பார்த்து. நாட்டுச் சிப்பி ஒருமுறை வேர்பிடித்தால் இறாலும் நண்டும் தாமே திரும்பும், காக்கா ஆழிக்கும் இடம் குறையும் என்பது என் நம்பிக்கை. அதுவரை காக்கா ஆழியை அள்ள ஓர் இயந்திரம்கூட ஆற்றில் இறங்கக் கூடாது.