அரைப்பேரும் முழுத்தமிழும்

தூரத்துப் பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி என்பது பழமொழி. தூரத்து விந்தை செவிக்கும் இனிமையே. கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த உறவினர் கூறிய செய்திகளை என் மாணவன் ஒருவன் அண்மையில் வகுப்பிலே விரித்துரைத்தான். ஒன்ராறியோ மாகாணத்தில் பாலைப் பையிலே விற்கிறார்களாம். அப்பையைச் சாடியில் இறக்கி, மூலையைக் கத்தரித்து ஊற்றுகிறார்களாம். அட்சன் விரிகுடாக் கரையிலுள்ள சேர்ச்சில் என்னும் ஊரிலே பலர் தம் மோட்டார் வண்டியின் கதவைப் பூட்டாமலே விடுகிறார்களாம். வகுப்பு முழுவதும் நகைத்தது.

"ஏன் பூட்டுவதில்லை?" என்று வினவினேன். அவன் அதனையும் கேட்டறிந்திருந்தான். அவ்வூர்த் தெருக்களில் வெண்கரடி உலாவுவதுண்டு. கரடியைக் கண்டு ஓடுபவர் அருகிலுள்ள எந்த வண்டியிலும் ஏறித் தப்பவேண்டும் என்பதற்காகவே கதவைத் திறந்து விடுகின்றனர். நகைத்த பிள்ளைகள் அமைதியாயினர். கேட்ட அளவில் பேதைமையாகத் தோன்றிய வழக்கம், காரணம் தெரிந்தவுடன் அறமாகத் தோன்றிற்று.

கனடியரின் வழக்கத்துக்குக் காரணம் கேட்கும் நாம், அட்டனிலும் நுவரெலியாவிலும் நம் கண்முன் நிகழும் வாழ்க்கையின் விந்தைகளுக்குக் காரணம் கேட்டதுண்டோ? பெரும்பாலும் இல்லை. நகைக்கிறோம், அல்லது சிவப்பு மையால் திருத்துகிறோம். அவ்வாறு திருத்தியவர்களுள் நானும் ஒருவன்.

மலைநாட்டு விந்தைகள் சிலவற்றை எண்ணிப் பாருங்கள். முதலாவது, தோட்டப் பெயர்கள். அவற்றை அடுக்கிச் சொன்னால் ஸ்கொட்லாந்தின் நிலப்படத்தை விரித்ததுபோல் இருக்கும். நானுஓயாவில் எடின்பரோ, தலவாக்கலையில் ஹோலிரூட், அக்கரப்பத்தனையில் பல்மோரல். பூண்டுலோயாவிலுள்ள டன்சினன், சேக்சுபியரின் மக்பெத் நாடகத்திலே அம்மன்னன் கோட்டை கொண்டிருந்த குன்றின் பெயர். வேவர்லியும் கெனில்வேர்த்தும் வால்ட்டர் ஸ்கொட் எழுதிய நாவல்களின் பெயர்கள். மக்பெத்தின் குன்றிலிருந்து கொழுந்துக் கூடையோடு இறங்கிவரும் மூதாட்டி அந்நாடகத்தை அறியார். நாடகத்தைக் கற்ற நாமோ அம்மூதாட்டியின் கூடை நிறையை அறியோம்.

இரண்டாவது, தேநீர். ஜேம்ஸ் டெய்லர் என்பவர் 1867 இல் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1883 இல் கொழும்பில் தேயிலை ஏலம் தொடங்கிற்று. உயர்ந்த தேயிலையை உலகுக்கெல்லாம் அனுப்பும் இம்மக்களின் கேத்தலில் கொதிப்பதோ பெரும்பாலும் தூள். பாலின்றிச் சாயமாக ஊற்றி, உள்ளங்கையிலே சிறிது சீனி வைத்து, அதனை நாவால் தொட்டுத் தொட்டுக் குடிப்பவர் பலர். சிக்கனம் கற்பித்த சுவை இது. இவர்கள் 'தேத்தண்ணி' என்பதைத் 'தேநீர்' என்று திருத்துவது நம் ஆசிரியர் வழக்கம். தே என்பதோடு நீர் சேர்ந்தால் தேநீர். தண்ணீர் சேர்ந்தால் தேத்தண்ணீர். வல்லினம் மிகுந்து புணர்ந்திருப்பதைக் காணுங்கள். திருத்த வேண்டியது அங்கே யாது?

மூன்றாவது, சொற்களின் கோலம். தோட்டத்தில் 'மலை' என்றால் எண்ணிட்டுப் பிரித்த தேயிலை நிலம். "நாலாம் நம்பர் மலைக்குப் போகிறேன்" என்பர். இசைவாணர்க்கு லயம் என்பது தாளத்தோடு ஒன்றுதல். இங்கோ, பத்தடிக்குப் பன்னிரண்டடி அறைகள் வரிசையாய் ஒட்டி நிற்கும் குடியிருப்பு. ஆங்கில 'லைன்' அவ்வாறு திரிந்தது என்பர். படைவீரரின் அணிவகுப்பாகிய 'பரேட்', 'பிரட்டு' ஆகி, வேலைக்குப் புறப்படுமுன் தொழிலாளரை நிறுத்திக் கணக்கெடுக்கும் களத்துக்குப் பெயராயிற்று. முன்னாளில் விடியுமுன்பே தப்படித்து அவர்களை எழுப்புவர். ஊர்ப்புறத்திலே படைப்பயிற்சியைச் சுட்டும் 'கவாத்து' என்ற சொல்லோ, இங்கே 'கவ்வாத்து' ஆகித் தேயிலைச் செடியை வெட்டிச் சீராக்குவதைக் குறிக்கிறது. வந்தவர்கள் உழவர்கள், அவர்கள் வாயில் ஏறியவை படைமுகாமின் சொற்கள். அவர்கள் எத்தகைய ஒழுங்கின்கீழ் வாழ்ந்தனர் என்பதை இவ்விரு சொற்களே உரைக்கும்.

இனி, என் பிழையைச் சொல்கிறேன். பண்டிதத் தேர்வு முடித்து, இளமைச் செருக்கோடு மலையேறி வந்த காலம். ஒரு மாணவன் கட்டுரையில், "நேற்று அம்மாவுக்கு அரைப்பேர்தான் விழுந்தது" என்று எழுதியிருந்தான். நான் கற்ற நிகண்டுகளில் அப்படி ஒரு சொல் இல்லை. சிவப்பு மையால் அடித்து, "பெயர் எவ்வாறு பாதியாகும்?" என்று வகுப்பறிய வினவினேன். எல்லாரும் நகைத்தனர். அவன் தலைகுனிந்து நின்றான்.

அன்று மாலை லயத்துப் பாதையில் அவனுடைய அம்மாயியைக் கண்டேன். பொருள் கேட்டேன். "நாள் பூரா மழையில நின்னு கொழுந்தெடுத்தாலும், நிறை கொறைஞ்சா அரைப்பேருதாங்க ஐயா. ஆளு முழுசாத்தான் நின்னோம்; பேருதான் அரையாப் போச்சு" என்றார்.

செக்றோல் ஏட்டிலே ஒருவர் பெயருக்கு நேரே ஒரு நாள் வேலை பதிவானால் அது ஒரு பேர். குறித்த நிறை கொழுந்து எடாவிடில் அரைப்பேர், கூலியும் பாதி. ஆகவே அச்சிறுவன் எழுதியது பிழையன்று. தன் வீட்டில் அன்றிரவு அரிசி குறைந்த காரணத்தை எழுதியிருந்தான். நான் அடித்தது ஒரு சொல்லை அன்று. ஒரு தாயின் ஒரு நாள் உழைப்பை.

பேர் என்னும் சொல்லுக்கு இம்மலையில் இன்னுமொரு வரலாறு உண்டு. கூலி ஏட்டிலே தலைமுறை தலைமுறையாகப் பெயர் இருந்தவர்களுக்குக் குடிகள் ஏட்டிலே பெயர் இல்லாமற் போயிற்று. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசின் சார்பில் எழுவர் நாடாளுமன்றம் புகுந்தனர். 1948 குடியுரிமைச் சட்டத்தின் பின் இம்மக்களுட் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964 இல் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் குடும்பங்களைக் கடலுக்கு இருமருங்கும் பிரித்தது. எஞ்சியோர்க்கு வழி திறந்த சட்டம் 2003 இல்தான் வந்தது. நாடே அரைப்பேர் போட்ட கதை அது.

"பரீட்சைக்கு இச்சொற்கள் உதவுமா?" என்று நண்பர்கள் கேட்கலாம். உதவா. பரீட்சைக்குரிய செந்தமிழைக் கற்பிப்பது நம் கடன். அதிற் குறை வைத்தால் மலையகப் பிள்ளைக்கே இழப்பு. நாட்கூலி என்ற சொல்லையும் அவன் அறியவேண்டும். ஆயின் ஒன்றைக் கற்பிக்க மற்றொன்றை இழித்துரைத்தல் வேண்டா. செய்யுளுக்குரிய சொற்களை வகுத்த தொல்காப்பியர், இயற்சொல், திரிசொல், வடசொல் என்பவற்றோடு திசைச்சொல்லுக்கும் இடம் தந்தார். அவர் திறந்து வைத்த வாயிலை நாம் ஏன் அடைக்க வேண்டும்?

வழி காட்டியவர் இம்மண்ணிலேயே உளர். 1947 இல் தலவாக்கலையின் உறுப்பினராகிய கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை, பின்னர் மலைநாட்டு மக்கள் பாடல்களைத் தேடித் தொகுத்தார். பாட்டுக்கு அவர் செய்ததைச் சொல்லுக்கு நாம் செய்யலாம். கிழமைக்கு ஒரு சொல். அதனைப் பிள்ளை தன் அம்மாயியிடமோ தாத்தாவிடமோ கேட்டு வரட்டும். பொருளையும், அது வழங்கிய இடத்தையும், கேட்ட கதையையும் ஒரு கொப்பியில் எழுதட்டும். தப்பொலி கேட்டு எழுந்த தலைமுறை அருகி வருகிறது. லயங்கள் சில தனிவீடுகளாகின்றன. பிள்ளைகள் கொழும்புக்கு வேலை தேடிப் போகின்றனர். லயம் மறைவது நன்று. அதில் வாழ்ந்தவர் பட்டது மறைந்துபோவது நன்றன்று.

இப்பொழுது என் மேசையில் அத்தகைய கொப்பிகள் சில உள்ளன. சிவப்பு மையை நான் விட்டுவிடவில்லை. அறியாத சொல்லைக் கண்டால் அதன்மேல் கோடிடாமல், பக்கத்தில் "பொருள் விளக்குக" என்று எழுதுகிறேன். அவ்விளக்கங்களைப் படிக்கும்போதெல்லாம், அன்று தலைகுனிந்து நின்ற சிறுவனின் முகம் நினைவுக்கு வருகிறது.