கரும்பலகைக்கு மட்டும்தான் கணக்கு தெரியுமா?

"கணக்கை எல்லாம் ஆன்லைன்ல படிச்சா வருமா சார்? வாத்தியார் போர்டுல போட்டாத்தான் வரும்." பொறியியல் கல்லூரிகளின் ஆசிரியர் அறையிலும் இதைக் கேட்கலாம், பிள்ளைக்கு சீட் தேடி அலையும் அப்பாக்களிடமும் கேட்கலாம். இதற்கு ஒரு தம்பியும் உண்டு. என்பிடிஇஎல், மத்திய அரசின் ஸ்வயம் தளம் என்று ஆன்லைனில் வீட்டிலிருந்தபடி தானே படித்து, குறைந்த செலவில் வாங்கும் கிரெடிட், வகுப்பில் உட்கார்ந்து வாங்கும் கிரெடிட்டுக்கு ஈடாகாது என்பது. முதலாவது பேச்சில் பாதி உண்மை இருக்கிறது. இரண்டாவதில் துளியும் இல்லை. அந்த இரண்டாவதை முதலில் பார்ப்போம்.

சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் தொடங்கியபோது அது யாருக்கும் எதையும் கற்பிக்கவில்லை. லண்டன் பல்கலைக்கழகத்தைப் பார்த்து உருவாக்கப்பட்ட அது, தேர்வு வைத்தது, பட்டம் கொடுத்தது, அவ்வளவுதான். பாடம் நடத்துவது கல்லூரிகளின் பாடு. லண்டன் பல்கலைக்கழகம் அடுத்த ஆண்டே இன்னும் ஒரு படி மேலே போனது. எங்கே படித்தாய், யாரிடம் படித்தாய் என்று கேட்பதையே விட்டுவிட்டு, தேர்வில் தேறினால் பட்டம் என்றது. கொழும்பில் 1921இல் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரிக்குச் சொந்தமாகப் பட்டம் கொடுக்கும் அதிகாரம் கிடையாது. 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் வரும்வரை அங்கே படித்த தமிழரும் சிங்களரும் லண்டனின் வெளிவாரித் தேர்வை எழுதித்தான் பட்டதாரி ஆனார்கள். அந்தப் பட்டத்தை மட்டம் என்று சொல்ல இன்றைக்கு யாருக்காவது வாய் வருமா? படித்த இடம் வேறு, சோதித்த இடம் வேறு என்பது நேற்று முளைத்த ஆன்லைன் தந்திரம் இல்லை. நம் பல்கலைக்கழகங்கள் பிறந்ததே அப்படித்தான்.

இப்போது என்பிடிஇஎல் கதைக்கு வருவோம். ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து தொடங்கிய திட்டம் இது. சேர்வதற்கும் வீடியோ பார்ப்பதற்கும் பைசா கிடையாது. வாரா வாரம் அசைன்மென்ட் உண்டு. கிரெடிட் வேண்டுமென்றால் ஒரு பாடத்துக்கு 1,000 ரூபாய் கட்டி, தேர்வு மையத்துக்கு நேரில் போய், அடையாள அட்டையைக் காட்டி, கண்காணிப்பில் எழுதவேண்டும். பட்டியல் இனத்தவருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அதில் பாதிதான். அசைன்மென்ட்டுக்கு 25, தேர்வுக்கு 75. தேர்வில் மட்டும் குறைந்தது 30 எடுத்தாகவேண்டும். பன்னிரண்டு வாரப் பாடத்துக்கு மூன்று கிரெடிட்.

"அந்த அசைன்மென்ட் விடை எல்லாம் டெலிகிராமில் கிடைக்கிறதே!" என்பார்கள். கிடைக்கிறது, மறுக்கவில்லை. காப்பியடிக்கிற பையனுக்கு அந்த 25 தானம்தான். சரி, அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறையைப் பாருங்கள். எழுத்துப் பாடங்களில் இன்டர்னலுக்கு 40, செமஸ்டர் தேர்வுக்கு 60. அந்த 40ஐப் போடுவது யார்? தேர்ச்சி விகிதம் குறைந்தால் நிர்வாகத்துக்குப் பதில் சொல்லவேண்டிய அதே கல்லூரி. 25ஐச் சந்தேகிக்கிறவர்கள் 40ஐப் பற்றி ஏன் வாயே திறப்பதில்லை?

வகுப்பறையில் நடப்பது என்னவோ பரிசுத்தமான கணிதக் கல்வி என்பதுபோலப் பேசுகிறார்கள். எம்-ஒன் (முதல் செமஸ்டர் கணிதம்) அரியர் வைத்திருக்கிற எந்த மாணவரிடமாவது கேளுங்கள். தேர்வுக்கு முந்தைய வாரம் வாட்ஸப்பில் 'இம்பார்ட்டன்ட் கொஸ்டின்ஸ்' வரும். மேட்ரிசஸ் யூனிட்டா, கேலி-ஹாமில்டன் தேற்றத்தை ஒரு கை பார். பெரிய கணக்கில் ஸ்டெப் மார்க் எங்கே விழும் என்று பார். ஐகன் மதிப்பு என்றால் என்ன, அது எதற்கு உதவும் என்று கேட்டால் முழிப்பார்கள். பையன்களைக் குற்றம் சொல்லவில்லை. அறுபது பேர் வகுப்பில் ஒரே வேகத்தில் ஓடும் பாடம் அது. புரியாத இடத்தில் நிறுத்தி, பின்னால் போய், இன்னொரு முறை கேட்க வழியில்லை. வீடியோவில் அது உண்டு. ஐஐடி பேராசிரியர் வகுப்பில் நடத்தினால் தங்கம், அதே மனிதர் அதே பாடத்தைக் கேமரா முன் நடத்தினால் தகரமா?

இந்த அவநம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பது தெரியாததல்ல. கொரோனா காலத்தில் வீட்டிலிருந்து எழுதிய தேர்வுகளும், 2020இல் வந்த அரியர் ஆல்-பாஸ் அறிவிப்பும் 'ஆன்லைன்' என்ற சொல்லையே கெடுத்துவைத்தன. ஆனால் அங்கே கெட்டது தேர்வு, கற்றல் அல்ல. ஐஐடி மெட்ராஸ் அதே 2020இல் தொடங்கிய டேட்டா சயின்ஸ் படிப்பில் பாடங்கள் ஆன்லைனில், தேர்வுகள் நேரில். ஜேஇஇ நுழைவுத் தேர்வு வேண்டாம். நான்கு வாரம் படித்து, தகுதித் தேர்வில் தேறினால் இடம். அந்த நான்கு வாரத்தில் கணிதமும் புள்ளியியலும் அடக்கம்.

எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தை நானே சொல்லிவிடுகிறேன், அவர்கள் சொல்வதில்லை. கணினியில் நடக்கும் தேர்வுகள் பெரும்பாலும் சரியான விடையைத் தேர்ந்தெடு, எண்ணை நிரப்பு என்ற வகை. நிரூபணம் எழுதத் தெரியுமா என்பதை அவை சோதிக்காது. கணிதமே முதன்மைப் பாடமாக எடுத்து ரியல் அனாலிசிஸ் படிக்கிறவருக்கு இது பெரிய குறைதான். கால்குலஸ், மேட்ரிக்ஸ், நிகழ்தகவு என்று கருவியாகக் கணக்கைப் படிக்கிற லட்சக்கணக்கான பொறியியல், வணிகவியல் மாணவர்களுக்கு அது அவ்வளவு பெரிய குறை இல்லை.

தானே படித்தால் போதும் என்கிற இன்னொரு பக்கத்தாரையும் விடுவதற்கில்லை. "ராமானுஜன் தானே படிக்கவில்லையா?" என்று உடனே கிளம்புவார்கள். ஐயா, அவரை விட்டுவிடுங்கள். அவர் கையில் கிடைத்த, கார் என்பவரின் 'சினாப்சிஸ்' என்ற கணித நூல், கேம்பிரிட்ஜ் தேர்வுக்கு டியூஷன் எடுத்த ஒருவர் எழுதிய தொகுப்பு. அதை வைத்துக்கொண்டு கணிதமேதை ஆவது நம் வீட்டுப் பிள்ளைகளுக்கான பாடத்திட்டம் இல்லை. அந்த ராமானுஜனே கணக்கைத் தவிர மற்ற பாடங்களில் கல்லூரித் தேர்வில் தோற்றவர்.

சாதாரண மாணவருக்கு என்ன ஆகும் என்பதை அமெரிக்கா ஒருமுறை செய்து பார்த்துவிட்டது. 2013இல் கலிஃபோர்னியாவின் சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகம், உடாசிட்டி என்ற ஆன்லைன் கல்வி நிறுவனத்துடன் சேர்ந்து 150 டாலருக்குக் கல்லூரிக் கணிதப் பாடங்களைக் கிரெடிட்டோடு கொடுத்தது. முதல் சுற்றில் பள்ளி மாணவர்களும், முன்பே கணக்கில் தோற்றவர்களும் கணிசமாக இருந்தார்கள். அல்ஜீப்ராவில் பாதிப் பேர்கூடத் தேறவில்லை. திட்டத்தை நிறுத்திவைத்தார்கள், ஊரெல்லாம் சிரித்தது. ஆனால் அதே கோடையில் நடந்த அடுத்த சுற்றில், சேர்ந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் ஏற்கெனவே பட்டதாரிகள். அல்ஜீப்ராவில் எழுபது சதவீதத்துக்கும் மேல் தேறினார்கள். முக்கியமாக மாறியது படித்தவர்கள்தான். அடித்தளம் இருப்பவருக்குத் தானே படிப்பது போதும். அது இல்லாதவருக்குப் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும். வாத்தியார் வேண்டும் என்ற பேச்சில் நான் சொன்ன பாதி உண்மை இதுதான். அந்த ஆள் மேடையில் நின்று பாடம் நடத்தவேண்டியதில்லை. வாரத்தில் இரண்டு மாலை மேசையில் உட்கார்ந்து, "இந்த வரியிலிருந்து அந்த வரி எப்படி வந்தது?" என்ற கேள்விக்குப் பதில் சொன்னால் போதும். கல்லூரிக் கணித ஆசிரியர்களை இந்த வேலைக்கு விடுங்கள். ஐஐடிக்காரர் ஏற்கெனவே சொல்லிவைத்ததை அரைகுறையாகத் திரும்பச் சொல்லவைப்பதைவிட அது அவர்களுக்கும் கௌரவம்.

கல்லூரிகளின் இரட்டை வேடம்தான் எனக்கு எரிச்சல். அங்கீகாரக் குழு வரும்போது எங்கள் மாணவர் இத்தனை பேர் என்பிடிஇஎல் முடித்தார்கள் என்று ஃபிளெக்ஸ் வைக்கிறார்கள். அதே மாணவர் அந்தச் சான்றிதழோடு வந்து, இதைக் கணிதப் பாடத்துக்கு ஈடாக எடுத்துக்கொள்ளுங்கள் என்றால், அது விருப்பப்பாடத்துக்கு மட்டும்தான், கோர் பாடத்துக்கு ஆகாது என்று திருப்பி அனுப்புகிறார்கள். காசு கொடுத்துத் தேர்வெழுதி வாங்கிய தாள் ஃபைலில் கிடக்கும். பையன் எம்-ஒன் வகுப்பில் மறுபடி உட்காருவான்.

பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2016இல், என்பிடிஇஎல் பாடங்களும் அடங்கிய ஸ்வயம் பாடங்களுக்கு ஒரு செமஸ்டரில் 20 சதவீதம் வரை இடம் கொடுத்தது. 2021இல் அதை 40 ஆக்கியது. விதி கதவைத் திறந்துவைத்து வருஷங்களாகின்றன. உள்ளே விடாமல் நிற்பது கல்லூரிகள், பல்கலைக்கழகங்களின் பாடத்திட்டக் குழுக்கள். பிள்ளையைச் சேர்க்கப் போகும் பெற்றோர், ஹாஸ்டல் சாப்பாட்டைப் பற்றிக் கேட்கும்போது இதையும் சேர்த்துக் கேளுங்கள்: "என்பிடிஇஎல்லில் கணக்கு முடித்து வந்தால் கிரெடிட் போடுவீர்களா, மாட்டீர்களா?" பதிலை எழுத்தில் வாங்குங்கள்.