திரையில் வரும் ஆலோசகர் தமிழில் பேசட்டும்

மலேசியாவின் இடைநிலைப்பள்ளி மாணவர்களில் நால்வருக்கு ஒருவர் மனச்சோர்வோடு இருக்கிறார் என்றது 2022ஆம் ஆண்டின் தேசிய சுகாதார, நோய்ப்பாதிப்பு ஆய்வு. மறு ஆண்டு அதே ஆய்வு பெரியவர்களின் கதையைச் சொன்னது. 16 வயதைக் கடந்தவர்களிடையே மனச்சோர்வு 2019இல் 2.3 விழுக்காடாக இருந்தது, 2023இல் 4.6 விழுக்காடு. நான்கே ஆண்டுகளில் இரட்டிப்பு. பிள்ளையும் வாடுகிறது, பெற்றவரும் வாடுகிறார்.

இதற்கு அரசு கையில் எடுத்திருக்கும் வழி தொலைபேசியும் இணையமும். 2020 மார்ச்சில் கோவிட் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது சுகாதார அமைச்சும் மெர்சி மலேசியாவும் சேர்ந்து உளவியல் ஆதரவுத் தொலைபேசிச் சேவையைத் தொடங்கின. 2022இல் சுகாதார அமைச்சின் 15555 உதவி எண் வந்தது. மகளிர், குடும்ப அமைச்சின் 15999 ஏற்கெனவே இருக்கிறது. காணொளி வழி கவுன்சலிங் தரும் தனியாரும் பெருகிவிட்டனர். இவை எல்லாம் வரவேற்கத்தக்கவை. ஆனால் பேராக்கின் கமுந்திங் போன்ற ஊரிலுள்ள தமிழ்க் குடும்பத்துக்கு இவை எட்ட வேண்டுமானால் மூன்று ஏற்பாடுகள் தேவை: தமிழ் பேசும் தகுதி பெற்ற ஆலோசகர், வேலை முடிந்து வந்த பிறகும் கிடைக்கும் நேரம், கதவைச் சாத்திக்கொண்டு பேச ஓர் அறை. இம்மூன்றையும் பொதுப் பணத்தில் செய்து தர வேண்டும் என்பதே நம் நிலைப்பாடு.

முன்பு ரப்பர் தோட்டத்தில் பிள்ளை வளர்ப்பு ஒரு தாயின் தனிச் சுமையாக இருந்ததில்லை. விடியுமுன் பால்மரம் வெட்டப் போகிறவள் குழந்தையைப் பிள்ளை பார்க்கும் ஆயாக்கொட்டாயில் விட்டுவிட்டுப் போனாள். வரிசை வீடுகளான லயத்தில் பக்கத்து வீட்டுக் கிழவிக்கு யார் பிள்ளை சாப்பிடவில்லை என்பது தெரியும். அந்த வாழ்க்கையைப் பொற்காலமாக்க வேண்டாம். கள்ளுக்கடையும் அடி உதையும் அங்கேயும் இருந்தன. ஆனாலும் கேட்க ஒரு காது இருந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, ரப்பர் போய்ச் செம்பனையும் வீடமைப்பும் வந்தபின் அந்தக் காதும் போயிற்று. இன்று அதே குடும்பத்தின் பேத்தி கமுந்திங் தொழிற்பேட்டையில் இரவு ஷிப்ட் முடித்துக் காலையில் வீடு திரும்புகிறாள். கணவர் லாரி ஓட்டுகிறார், அல்லது பேருந்தேறிப் பினாங்குத் தொழிற்சாலைக்குப் போகிறார். பிள்ளையோடு வீட்டில் மிஞ்சியிருப்பது கைப்பேசி.

தைப்பிங் மருத்துவமனை பக்கத்தில்தானே இருக்கிறது, நேரே போகலாமே என்று கேட்கலாம். பகல் நேரத்தில் முன்பதிவு கிடைத்தால் அன்றைய சம்பளம் போகும். அதைவிடப் பெரிய தடை, பார்க்கிறவர்களின் வாய். பேராக் மாநிலத்தின் தஞ்சோங் ரம்புத்தானில் 1911இல் மனநல மருத்துவமனை தொடங்கியதிலிருந்து அந்த ஊர்ப் பெயரே ஒரு வசையாகிவிட்டது. "தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பணும்" என்று இன்றும் நம் வீடுகளில் கேலி பேசுகிறோம். அப்படிப் பேசிப் பழகிய சமூகத்தில் மனநலப் பிரிவின் வாசலில் உட்கார்ந்திருக்க யாருக்குத் துணிச்சல் வரும்? திரை இந்த இடத்தில் உதவுகிறது. பேருந்துச் செலவில்லை, பார்க்கும் கண்களும் இல்லை. ஆனால் கட்டணம் இருக்கிறது. தனியார் ஆலோசகர்கள் பலர் ஓர் அமர்வுக்கு 150 ரிங்கிட்டும் அதற்கு மேலும் வாங்குகிறார்கள். வாரம் ஓர் அமர்வு என்றால் மாதம் 600 ரிங்கிட். குறைந்தபட்சச் சம்பளமான 1,700 ரிங்கிட்டில் மூன்றிலொரு பங்கு இதற்கே போய்விட்டால் அரிசி பருப்புக்கு எங்கே போவது?

மொழி அடுத்தது. நம் தாய்மார்கள் வங்கியிலும் காவல் நிலையத்திலும் மலாயில் பேசிச் சமாளிப்பவர்கள்தாம். ஆனால் 14 வயது மகன் அறையைப் பூட்டிக்கொண்டு சாப்பிட மறுப்பதையும், அதற்கு மாமியார் தன்னைக் குறைசொல்வதையும், ஒரு நாள் கை ஓங்கிவிட்டுப் பிறகு குளியலறையில் நின்று அழுததையும் சமாளிப்பு மொழியில் சொல்ல முடியாது. சொன்னாலும் அந்த வீட்டின் உறவுமுறை தெரியாதவருக்குப் பாதிதான் விளங்கும். 15555, 15999 எண்களை எந்த நேரத்தில் அழைத்தாலும் தமிழில் பதில் சொல்ல ஆள் இருப்பதை இரு அமைச்சுகளும் உறுதி செய்ய வேண்டும்.

இடமும் ஒரு சிக்கல். மலிவு விலை அடுக்குமாடி வீட்டில் கூடத்தில் பேசினால் சமையலறையில் கேட்கும். கணவரின் குடியைப் பற்றி, அவர் பக்கத்து அறையில் படுத்திருக்கும்போது மனைவி எப்படிப் பேசுவாள்? தமிழ்ப்பள்ளியில் சனிக்கிழமை காலை ஓர் அறையைத் திறந்து, ஒரு மடிக்கணினியும் இணையமும் வைத்தால் போதும். பெற்றோர் ஆசிரியர் சங்கமும் கோயில் நிர்வாகமும் இதைச் செய்ய முடியும். பள்ளிகளில் முழுநேர ஆலோசக ஆசிரியர் பணியிடம் மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்தே கிடைப்பதால், தோட்டம் கலைந்து பிள்ளைகள் குறைந்துபோன சிறிய தமிழ்ப்பள்ளிகளில் பெற்றோருக்கும் பிள்ளைக்குமாக இது இரட்டைப் பயன்.

இங்கே எச்சரிக்கையும் வேண்டும். 1998ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டத்தின்படி, பதிவும் தொழில் நடத்தும் சான்றிதழும் இல்லாமல் ஆலோசகராகத் தொழில் செய்வது குற்றம். ஆனால் டிக்டாக்கில் பிள்ளை வளர்ப்புக்கு உபதேசம் செய்பவருக்கும், செய்வினை என்று சொல்லிப் பணம் கறப்பவருக்கும் பஞ்சமில்லை. பணம் கட்டுமுன் பதிவு எண்ணைக் கேளுங்கள், தயங்குகிறவரிடம் போகாதீர்கள். திரைக்கும் ஓர் எல்லை உண்டு. வீட்டில் வன்முறை நடந்தாலோ, உயிரை விடும் எண்ணம் தலைதூக்கினாலோ உடனே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு 2023இல் நீக்கப்பட்டுவிட்டது. உதவி கேட்டால் வழக்கு வருமோ என்ற அச்சத்துக்கு இனி இடமில்லை.

வீட்டு விஷயத்தை வெளியாளிடம் சொல்வதா என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். அவர்கள் கவலையில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் குடும்ப மானம் காக்கப்படுவதாக நினைத்து வாயை மூடிக்கொண்ட வீடுகளில்தான் பிள்ளை பள்ளிக்குப் போவதை நிறுத்துகிறது, தெருவில் கும்பலோடு சேர்கிறது. ஆலோசகர் கேட்டதை வெளியே சொல்லாமல் இருப்பது அவருடைய தொழில் கடமை. பக்கத்து வீட்டுக்காரருக்கு அப்படி ஒரு கடமை இல்லை. அப்பாக்களும் அந்த இணைப்பில் வந்து உட்கார வேண்டும். பிள்ளை வளர்ப்பு அம்மாவின் பாடம் மட்டுமல்ல.

பணம் எங்கே என்ற கேள்விக்கும் பதில் இருக்கிறது. இந்தியச் சமூகத்துக்கென ஆண்டுதோறும் 10 கோடி ரிங்கிட் பெறும் மித்ரா என்ற அரசுப் பிரிவு, அதில் ஒரு சிறு பங்கை இதற்குத் தரட்டும். தஞ்சோங் மாலிமில் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம் ஆலோசகர்களைப் பயிற்றுவிக்கிறது. அங்கே படிக்கும் தமிழ் மாணவர்களுக்கு உதவித்தொகை தந்து, பட்டம் பெற்றதும் இரண்டாண்டு இந்த இணையச் சேவையில் பணியாற்றச் சொல்லலாம். மாலை 6 முதல் நள்ளிரவு வரை அவர்கள் இணைப்பில் இருந்தால் ஷிப்ட் தொழிலாளிக்கும் வழி பிறக்கும்.

தேர்தல் வந்தால் கமுந்திங்கின் ஒவ்வோர் அடுக்குமாடிக்கும் தமிழில் வாக்குக் கேட்க ஆள் வந்துவிடுகிறது. அப்படி ஆள் அனுப்பத் தெரிந்த கட்சிகள், அடுத்த வரவுசெலவுத் திட்டத்தில் தமிழ் ஆலோசகர்களுக்கென ஒரு தொகையைக் கேட்டு வாங்கட்டும். வாங்கவில்லை என்றால் ஏன் என்று அடுத்த முறை வாசலில் நிறுத்திக் கேட்பது வாக்காளர்களின் வேலை.