12 நிமிஷத்தில் மூழ்கிய ஆமை!

ஒரு போர்க்கப்பலுக்கு பயோடேட்டா எழுதச் சொன்னா என்ன எழுதுவீங்க? எத்தனை சண்டை, எத்தனை வெற்றி, எத்தனை எதிரிக் கப்பல் காலி... இதானே? யு.எஸ்.எஸ். கெய்ரோவுக்கு அப்படி எழுத உட்கார்ந்தா அரைப் பக்கம்கூடத் தேறாது பாஸ். மொத்த சர்வீஸே ஒரு வருஷத்தைத் தாண்டலை. ஆனா, அதே அச்சில் செஞ்ச ஏழு கப்பல்களில் இன்னிக்கும் நேரில் போய்ப் பார்க்க முடிவது இது ஒண்ணைத்தான்!

1861. அடிமை முறையை விட மனசில்லாத தென் மாநிலங்கள் பிரிஞ்சுபோக, அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் வெடித்தது. வட தரப்பு போட்ட கணக்கு சிம்பிள்: மிசிசிப்பி நதியைக் கைப்பற்றினால் தெற்கு ரெண்டு துண்டு. ஆனா, கடலில் போற பெரிய கப்பலை ஆத்துல விட்டா தரை தட்டிடுமே?

காண்ட்ராக்டை எடுத்தவர் ஜேம்ஸ் ஈட்ஸ். ஆத்துல மூழ்கின படகுகளிலிருந்து சரக்கை மீட்டே பணம் பார்த்தவர். சாமுவேல் பூக் போட்ட டிசைனில் ஏழு நீராவிக் கப்பல்கள் தயாராச்சு. 175 அடி நீளம், 51 அடி அகலம், 13 பீரங்கிகள். மிதக்க ஆறடித் தண்ணி போதும். சரிவான பக்கச் சுவரில் இரண்டரை அங்குல இரும்புத் தகடு. பார்க்க ஆமை மாதிரியே இருந்ததால் ‘பூக்கின் ஆமைகள்’ என்றே பேர் விழுந்தது. (கெய்ரோன்னதும் எகிப்துக்குப் போயிடாதீங்க. இது இல்லினாய் மாநிலத்து ஊர்.)

ஒரே ஒரு ஓட்டைதான். இரும்புக் கவசம் எல்லாம் மேலே; தண்ணிக்குக் கீழே வெறும் மரம்.

1862 ஜனவரியில் டூட்டியில் சேர்ந்தது கெய்ரோ. பிப்ரவரியில் நாஷ்வில் நகரம் வட தரப்பிடம் வந்தபோது கூட இருந்தது. ஜூன் 6-ம் தேதி மெம்ஃபிஸ் சண்டையில் கலந்துக்கிச்சு. மற்றபடி ரோந்து, ரோந்து, ரோந்து!

அடுத்து கேப்டனாக வந்தார் தாமஸ் செல்ஃப்ரிட்ஜ். துடிப்பான ஆள். அதே வருஷம் மார்ச்சில் ‘கம்பர்லேண்ட்’ கப்பல் மூழ்கியபோது அதிலிருந்து தப்பிச்சவர். டிசம்பர் 12, விக்ஸ்பர்க் பக்கம் யாஸூ நதியில் கண்ணிவெடி தேடுற வேலை. அந்தக் காலத்தில் தண்ணிக்குள்ள வைக்கிற கண்ணிவெடிக்குத்தான் ‘டார்பிடோ’ன்னு பேரு. பெரிய கண்ணாடிக் குடுவையில் வெடிமருந்து நிரப்பி ஆத்துக்குள்ள கட்டி வெச்சிருந்தாங்க. முன்னால் போன ‘மர்மோரா’ தயங்கி நிற்க, பொறுமை இழந்த செல்ஃப்ரிட்ஜ் கெய்ரோவை முன்னே விட்டார். டமால்... டமால்! அடிமரம் பிளந்தது. 12 நிமிஷத்தில் கப்பல் ஆத்துக்கு அடியில்.

ஆச்சர்யம் என்னன்னா, ஒருத்தர்கூட சாகலை. ஆனா எடுத்துக்க நேரமில்லாததால், எல்லாத்தையும் போட்டது போட்டபடி விட்டுட்டு உயிரோட மட்டும் வெளியேறினாங்க. செல்ஃப்ரிட்ஜுக்கு இன்னொரு கப்பல் கொடுத்தாங்க. ‘கோனஸ்டோகா’ என்ற அதுவும் 1864-ல் சொந்தப் படைக் கப்பலே மோதி மூழ்கிடுச்சு! ஆனாலும் மனுஷன் பின்னாளில் ரியர் அட்மிரல் வரைக்கும் போயிட்டார்.

போர் முடிஞ்சதும், நிறைய சண்டை போட்டு ஜெயிச்ச ‘கரோண்டலெட்’ மாதிரியான கப்பல்களை வித்துட்டாங்க. இன்னிக்கு அதில் ஒண்ணுகூட இல்லை. கெய்ரோவை மட்டும் யாஸூ நதியின் சேறு காற்று படாம மூடிப் பாதுகாத்தது. 1956-ல் வரலாற்று ஆய்வாளர் எட்வின் பேர்ஸும் ரெண்டு கூட்டாளிகளும் பழைய வரைபடம், திசைகாட்டி சகிதம் படகில் போய்த் தேடிக் கண்டுபிடிச்சாங்க. 1964-ல் முழுசாத் தூக்கப் பார்த்தப்போ இரும்புக் கயிறுகள் மரத்தை அறுத்ததால், மூணு துண்டாக வெட்டித்தான் மேலே கொண்டுவர முடிஞ்சது. அப்புறம் பல வருஷம் கவனிப்பாரில்லாம சீரழிஞ்சு, 1977-ல்தான் விக்ஸ்பர்க் வந்து சேர்ந்தது.

உள்ளே கிடைச்சதுதான் பொக்கிஷம். கப்பல் மணி, துப்பாக்கிகள், சமையல் பாத்திரங்கள், மருந்துப் புட்டிகள், மாலுமிகள் போட்டிருந்த ஷூக்கள்... தளபதிகள் எழுதின ரிப்போர்ட்டில் ஜெயிச்ச சண்டை இருக்கும். சாதாரண மாலுமி எந்தத் தட்டில் சாப்பிட்டான்னு இருக்காது. அதைச் சொல்ல, தோத்துப்போன ஒரு கப்பல்தான் 102 வருஷம் சேத்துக்குள்ள காத்துக்கிட்டு இருந்திருக்கு.

இப்ப சொல்லுங்க, கெய்ரோவின் சர்வீஸ் ஒரு வருஷம்தானா?